லுபோக் பாத்து இறக்கத்தில் ஆறு பேர்

வாக்குமூலம் கொடுப்பவர்: அழகம்மை த/பெ உலகப்பன்
வயது: 47
முகவரி: பெர்மாஸ் ஜெயா, ஜொகூர் பாரு
தொழில்: உற்பத்தித் திட்ட அதிகாரி, தம்போயில் உள்ள ஒரு பிளாஸ்டிக் உதிரிப்பாகத் தொழிற்சாலை
காணாமல் போனவருக்கு உறவு: உடன்பிறந்த அக்காள்
பதிவான இடமும் நேரமும்: கோத்தா திங்கி காவல் நிலையம், 15 அக்டோபர் 2025, காலை மணி 10.20
பதிவு செய்தவர்: சார்ஜன் மதிவாணன்
மொழி: தமிழ்

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். காணாமல் போன காசிவிஸ்வநாதன், வயது 39, என் ஒரே தம்பி. அவனைத் தேடும் வேலை இன்று மதியத்தோடு நிறுத்தப்படலாம் என்று நேற்று மாலை என்னிடம் சொல்லப்பட்டது. அதை நிறுத்தக் கூடாது என்பதற்காகவே நானாக வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், இடையில் கேள்வி கேட்டால் எனக்கு வரிசை தவறும், அது எனக்குப் பிடிக்காது என்பதையும் சார்ஜனிடம் முன்கூட்டியே தெரிவித்தேன்.

கோத்தா திங்கிக்கு வடக்கே மலைமுகட்டின் மேலேயே போகிற எண்பத்து நான்கு கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது. அதை ஏழு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் நடந்து முடிப்பவர்கள் குறைவு. எங்களைப் போல வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தடவைக்கு ஒரு பகுதி என்று நடப்பார்கள். எங்கள் குழுவில் ஏழு பேர் இருந்தோம். நான், என் தம்பி, என்னோடு வேலை செய்யும் பிரீத்தி, தம்போயில் உணவகம் வைத்திருக்கும் நவ்சாத், அவர் மனைவி மஹ்மூதா, நவ்சாத்தின் சித்தப்பா மகன் ஆதம், ஏழாவதாக ஹேமநாதன். ஹேமநாதன் என் தம்பியின் பள்ளிக்கூடச் சிநேகிதர். நாங்கள் மூன்றாம் பகுதியை முடித்தது சென்ற ஆண்டு ஜூலையில். அதற்கு அடுத்த மாதம், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது லாரி மோதி ஹேமநாதன் இறந்துவிட்டார். சடங்குக்கு நாங்கள் ஆறு பேரும் போயிருந்தோம். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் யாரும் மலைப் பேச்சையே எடுக்கவில்லை.

இவ்வாண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் நான்தான் பேச்சை எடுத்தேன். நவம்பர் வந்தால் மழைக்காலம், பாதையை மூடிவிடுவார்கள், அதற்குள் நான்காம் பகுதியை முடித்துவிடலாம் என்று சொன்னேன். திட்டம் போடுவது எப்போதும் என் பொறுப்பு. எந்தக் காரை எங்கே நிறுத்துவது, யார் எத்தனை லிட்டர் தண்ணீர் சுமப்பது, பகல் ஒரு மணிக்குள் எந்த இடத்தைத் தாண்டாவிட்டால் திரும்பிவிடுவது என்பது வரை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். எந்த மேட்டில் காலுறை மாற்றுவது என்றுகூட எழுதுவேன். என் தம்பி இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. மலை ஏறுவதற்கு முன்பே ஆச்சி எல்லோரையும் இறக்கிவிடுவாள் என்பான். எங்கள் செட்டியார் வழக்கத்தில் அக்காளை ஆச்சி என்று அழைப்போம் என்பதைச் சார்ஜன் கேட்டதற்கு விளக்கினேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலைப் புதிதாக எழுத மாட்டோம். போன தடவைப் பட்டியலை நகல் எடுத்துப் போட்டு, மேலே தேதியை மட்டும் மாற்றுவோம். வருகிறவர்கள் அதை மறுபடி நகல் எடுத்து, தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரிக்குறி வைத்து, திரும்பப் போடுவார்கள். மூன்றாம் பகுதியின் பட்டியலை நான் நகல் எடுத்துப் போட்டபோது ஏழாவது பெயராக ஹேமநாதன் இருந்தது. அதைப் பார்த்தேன். அழிக்கக் கை வரவில்லை. மற்றவர்களும் பார்த்திருக்கிறார்கள். அவரவர் சரிக்குறியை வைத்துப் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

செப்டம்பர் 9ஆம் தேதி பட்டியல் முடிந்தபோது ஏழு பெயருக்கும் சரிக்குறி இருந்தது. கடைசியாகப் போட்டவன் என் தம்பி. நான் அவனைக் கூப்பிட்டு, செத்துப்போனவர் பெயரில் விளையாடுவது நல்லதல்ல என்று கடிந்துகொண்டேன். தான் வைக்கவில்லை, முந்திய நகலிலேயே இருந்தது என்று சொன்னான். அதற்கு முன்னால் போட்ட பிரீத்தியும் அதையே சொன்னாள். ஒருவர் மேல் ஒருவர் சாட்டிக்கொண்டே போனார்கள். அந்தச் செய்திகள் இன்னும் குழுவில் இருக்கின்றன. என் கைத்தொலைபேசியைச் சார்ஜனிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு வன அனுமதிக்கு இணையத்தில் மனுச் செய்தேன். மனுவில் எல்லோருடைய அடையாளக் கார்டு எண்ணும் கேட்பார்கள். பழைய பகுதிகளுக்கு நான் தயாரித்து வைத்திருந்த கோப்பையே மேலேற்றிவிட்டேன். ஏழு பேருக்கு அனுமதி வந்தது. வந்த பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. திருத்த வேண்டுமென்றால் புதிதாக மனுச் செய்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அக்டோபர் இடங்கள் நிரம்பிவிடும். ஒரு பெயர் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட்டேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது. மற்ற ஐந்து பேருக்கும் இதில் பங்கு இல்லை.

அக்டோபர் 11, சனிக்கிழமை காலை மணி 6.30க்கு லுபோக் பாத்து கம்பத்தில், அதாவது இறங்கும் முனையிலுள்ள கிராமத்தில், நவ்சாத்தின் வேனை நிறுத்திவிட்டு, என் தம்பியின் காரிலும் ஆதமின் காரிலுமாக ஏறும் முனைக்குப் போனோம். அங்கே எங்கள் வழிகாட்டி பாக் மான் காத்திருந்தார். வயது அறுபது இருக்கும், அந்தக் கம்பத்து ஆள். கையில் அனுமதிப் படிவம் வைத்திருந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் தோளையும் பேனாவால் தொட்டு மலாயில் எண்ணிக்கொண்டே போனார். வரிசைக் கடைசியில் என் தம்பியைத் தாண்டி இன்னும் ஒரு முறை பேனாவை நீட்டியது மாதிரி எனக்குத் தோன்றியது. "துஜோ. சுக்குப்," என்றார். ஏழு, கணக்குச் சரி என்று அர்த்தம். ஒருவர் வரவில்லை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அவரே சரி என்று சொன்ன பிறகு எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டேன். தன்னையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், தான் ஒருநாளும் தன்னைச் சேர்த்து எண்ணுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

பாக் மான் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொன்னார். காட்டுக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது இங்கே மலையேறுகிற எல்லோரும் கடைப்பிடிக்கிற வழக்கம்தான், எங்களுக்குப் புதிதில்லை. பெயர் கூப்பிட முடியாது என்பதால்தான் எண் சொல்கிறோம். முன்னால் போகிறவர் ஒண்ணு என்பார், அடுத்தவர் ரெண்டு, இப்படியே கடைசி ஆள் வரை போகும். அன்றைக்கு பாக் மான் எல்லோருக்கும் முன்னால் போனார், அவர் கணக்கில் இல்லை. நான் ஒண்ணு, மஹ்மூதா ரெண்டு, நவ்சாத் மூணு, பிரீத்தி நாலு, ஆதம் அஞ்சு, என் தம்பி ஆறு. கடைசி ஆளாக நடப்பது முன்பெல்லாம் ஹேமநாதன் பொறுப்பு. அவர் தம் எண்ணைச் சொல்லி, அதோடு "முடிஞ்சுச்சு" என்று சேர்த்துச் சொல்வார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காக.

மணி 8.40க்கு, முதல் மேடு ஏறியதும் நான் எண்ணத் தொடங்கினேன். ஆறு வரை வந்தது. சற்று இடைவெளி விட்டு, "ஏழு, முடிஞ்சுச்சு" என்று கேட்டது. தம்பி தன் சிநேகிதரைப் போலப் பேசிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சிநேகிதரை இழந்தவன் அவன்தானே, போகட்டும் என்று விட்டேன். மணி 9.30க்கு மறுபடி எண்ணினோம். மறுபடி ஏழு. மஹ்மூதா ஓதிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது.

மணி 11.15க்கு இரண்டு குன்றுகளுக்கு இடையிலுள்ள தாழ்வில் ஓய்வெடுத்தோம். மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. என் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, கடைசி ஆளு நான்தானே?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"அப்ப எனக்குப் பின்னால எண்ணுறது யாரு? நான் நின்னா நிக்குது. நான் நடந்தா நடக்குது. என்னை முந்திப் போகணும்னு பாக்குது லா."

மூச்சு வாங்கினால் காதில் ஆயிரம் சத்தம் கேட்கும், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்திரு, ஒரு மணிக்குள் மேட்டைத் தாண்ட வேண்டும் என்று நான் சொன்னேன். தன்னை வரிசையின் நடுவில் போடச் சொன்னான். நான் மறுத்தேன். மஹ்மூதாவுக்கு முழங்கால் வலி, ஆதமுக்கு இந்தப் பாதை பழக்கம் போதாது, கடைசியில் நடக்கத் தெம்புள்ள ஆள் அவன் ஒருவன்தான் என்று காரணம் சொன்னேன். காரணங்கள் எல்லாம் சரியானவை. திட்டத்தில் அவனைக் கடைசியில் எழுதியிருந்தேன், அதனால் மாற்ற எனக்கு மனமில்லை என்பதுதான் உண்மை. அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கடைசியில் போய் நின்றான். அவன் முகத்தை நான் பார்த்தது அதுதான் கடைசி.

மணி 12.50க்கு மேட்டைத் தாண்டினோம். அங்கே எண்ணியபோதும் ஏழுதான். அதன் பிறகு இறக்கம் தொடங்கியது. மரத்தால் படி கட்டியிருக்கிறார்கள், பாசி பிடித்து வழுக்கும், கண்ணைக் காலடியிலிருந்து எடுக்க முடியாது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்த இறக்கத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மணி 2.45க்கு லுபோக் பாத்து ஆற்றின் சத்தம் கேட்டது. நான் நின்று, திரும்பாமல், கடைசி முறையாக ஒண்ணு என்றேன். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு வந்தது. பிறகு, "ஆறு, முடிஞ்சுச்சு."

நான் காத்திருந்தேன். ஏழு வரவில்லை. எங்களோடு வந்தது எதுவோ அது போய்விட்டது, என் ஆட்கள் ஆறு பேரும் இருக்கிறார்கள் என்று என் மனம் அப்படியே இலேசாகிவிட்டது. நாள் முழுக்கச் சரியாக வராத கணக்கு அப்போதுதான் சரியாக வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. முடிஞ்சுச்சு என்று என் தம்பி ஒருபோதும் சொன்னதில்லை. அது என் காதில் விழத்தான் செய்தது. எண் சரியாக இருந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன் பிறகு, மணி 3 அளவில், பாதை முனையிலுள்ள குடிலில் பாக் மான் என்னைப் பார்த்து, கணக்குச் சரியா என்று கேட்டார். காதில் கேட்ட எண்ணை நம்பி, முகங்களைப் பார்க்காமலே சரி என்றேன். ஏழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படம் எடுத்து வன அலுவலகத்துக்கு அனுப்பினார். நாங்கள் வேனுக்குப் போனோம். மஹ்மூதா கட்டிக்கொண்டு வந்திருந்த சோற்றுப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கொன்று கொடுத்த பிறகு ஒன்று அவர் கையிலேயே இருந்தது. காசி எங்கே என்று என்னைக் கேட்டார்.

பின்னால் வருகிறான் என்று எல்லோரும் நினைத்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. ஆறு என்று சொன்னது யார் என்று நான் கேட்டேன். ஆதம் அழத் தொடங்கினான். "நான் அஞ்சு சொன்னேங்க்கா. ஆறு எனக்குப் பின்னால ரொம்பக் கிட்டத்துல கேட்டுச்சு. மூச்சு கழுத்துல பட்டுச்சு. காசி அண்ணன்னுதான் நெனச்சேன், திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பாக்கல," என்றான். அவன் இருபத்தெட்டு வயது ஆள். அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நானும் பாக் மானும் திரும்ப ஏறினோம். மற்றவர்களைப் பிரீத்தி வேனிலேயே பிடித்து வைத்திருந்தாள். அரை மணி நேரம் ஏறிய பிறகு நான் என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பாக் மான் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் கேட்கவில்லை, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன். பூச்சிகளின் சத்தம் ஒரேயடியாக நின்றது. பதில் வரவில்லை. சற்றுக் கழித்துப் பூச்சிகள் மறுபடி தொடங்கின.

தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் வன அலுவலகத்தை உதவிக்கு அழைத்தேன். ஏழு பேரும் வெளியே வந்துவிட்டதாகப் படிவம் இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார்கள். என் கையெழுத்து என்று அவர்கள் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. பட்டியலில் இருந்த ஒருவர் இறந்தவர் என்பதை விளக்கி, அவர்கள் சரிபார்த்து, ஆட்கள் வந்து சேர மணி ஐந்தரை ஆகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு உள்ளே போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள், 12ஆம் தேதி, தேடுதல் குழு பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள். என் தம்பியின் பையையும் ஊன்றுகோலையும் இறக்கம் தொடங்கும் இடத்தில், ஒரு மரத்தடியில் கண்டெடுத்தார்கள். பையின் வார்கள் எல்லாம் மாட்டி, கோல் அதன் மேல் நேராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் தம்பி எதையும் ஒழுங்காக வைக்கிறவன் இல்லை. காலடித் தடமோ, சறுக்கிய அடையாளமோ அங்கே இல்லை என்று எனக்குச் சொன்னார்கள்.

எனக்கும் தம்பிக்கும் இடையே சொத்துத் தகராறு உண்டா என்று இப்போது கேட்கப்பட்டது. கிடையாது. சண்டை உண்டா என்று கேட்கப்பட்டது. தினமும் உண்டு. அவன் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான், என் வீட்டில்தான் காலை தோசை சாப்பிடுவான். அவன் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடியவனா என்ற கேள்விக்கு, இல்லை என்று சொல்கிறேன்.

தேடுதல் குழு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நான் குடில் பக்கத்தில் நின்றிருந்தேன். வெளியே வரும்போது அவர்களும் எண் சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். 12ஆம் தேதி மாலை பன்னிரண்டு. 13ஆம் தேதி மாலை பன்னிரண்டு. வெறுங்கையோடு வந்தார்கள் என்று மஹ்மூதா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பன்னிரண்டோடு நின்றதே என்று எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று, 14ஆம் தேதி மாலை மணி 5.10க்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். ஆற்றுக்கு மேலே, மரங்களுக்குள் இருக்கும்போதே எண்ணுவது கேட்டது. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மலாயில் சொன்னார்கள். குழுவில் தமிழர் யாரும் இல்லை, இதைக் குழுத் தலைவரிடம் பெயர் பெயராகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பன்னிரண்டுக்குப் பிறகு, சற்று இடைவெளி விட்டு, "பதிமூணு" என்று தமிழில் கேட்டது. வெளியே வந்தவர்களை முகம் முகமாக நான் பார்த்தேன். பன்னிரண்டு பேர்தான். குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, களைப்பில் யாரோ கூடுதலாகச் சொல்லிவிட்டார்கள் என்று குறிப்பேட்டில் திருத்தி எழுதினார். எழுதிவிட்டு ஆட்களை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார். அதன் பிறகுதான், ஆற்றில் வெள்ளம் பெருகிவிட்டது, மோப்ப நாய் படிக்கு மேலே வர மறுக்கிறது, நாளை மதியத்தோடு நிறுத்த வேண்டியிருக்கும் என்று என்னிடம் சொன்னார்கள்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தேடுதலை நிறுத்தக் கூடாது. பையிருந்த மரத்தடியிலிருந்து பின்னால், நாங்கள் ஓய்வெடுத்த தாழ்வு வரை, இன்னும் யாரும் பாதையை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை. அங்கே பார்க்க வேண்டும். வேண்டுமானால் என்னையும் அழைத்துப் போகட்டும், கடைசி ஆளாக நான் நடக்கிறேன்.

நேற்று மாலை கேட்ட பதின்மூன்றாவது குரலை அடையாளம் சொல்ல முடியுமா என்று சார்ஜன் இரண்டு முறை கேட்டார். குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. நான் நின்ற இடத்துக்கு மிகவும் கிட்டத்தில் கேட்டது. யாருடையது என்று நான் சொன்னால், இனிப் பயனில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஆகையால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இனி எத்தனை முறை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இதிலுள்ளவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது. கூட்டியதும் இல்லை, பதில் மறுத்த அந்த ஒரு கேள்வியைத் தவிர மறைத்ததும் இல்லை. அறிந்து, சம்மதித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அழகம்மை த/பெ உலகப்பன்

என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது. நேரம் பகல் மணி 11.55.
(ஒப்பம்)
சார்ஜன் மதிவாணன்